ட்ரீலெஸ் சேணம்: வெள்ளோட்டத்தில் தெரியும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

பிரிட்டனில் ட்ரீலெஸ் சேணம், அதாவது உள்ளே கெட்டியான சட்டம் இல்லாத குதிரைச் சேணம், விற்கும் பலர், முன்பணம் வாங்கிக்கொண்டு வெள்ளோட்டத்துக்கென ஒரு சேணத்தை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏழு நாளில் மழை இரண்டு நாளைத் தின்றுவிடும், வேலை இரண்டு நாளைத் தின்றுவிடும். மிச்ச மூன்று நாளில் ஏதாவது கோளாறு தெரிந்தால், அது சேணத்தின் குற்றமா, அடியில் போடும் மெத்தையான பேடின் குற்றமா, நம் குற்றமா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கூரியர் வாசலில் நிற்பான்.

என் குதிரை காப் என்கிற கட்டுமஸ்தான வகை. கட்டையான கால், உருண்டையான முதுகு, முன்னும் பின்னும் ஒரே பீப்பாய். அவனுக்காக மூன்று சேணங்களை வரவழைத்துப் பார்த்தேன். முதல் இரண்டையும் திருப்பி அனுப்பினேன். இரண்டாவதை அனுப்பியிருக்கவே வேண்டியதில்லை. அடியில் நான் போட்டிருந்த பேடுதான் தப்பு என்பது மூன்றாவது சேணத்தோடு வேறு பேடு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் இரண்டாவது சேணத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சேணத்துக்குள் ட்ரீ என்கிற கெட்டியான சட்டம் இருக்கும். ஒரு காலத்தில் பீச் மரத்தில் செய்தார்கள், இப்போது ஒட்டுப்பலகையோடு எஃகுப்பட்டை, அல்லது பிளாஸ்டிக். அது மூன்று வேலை செய்கிறது. நம் பாரத்தைப் பரப்புகிறது, முதுகெலும்புக்கு மேல் ஒரு சந்து விடுகிறது, அங்கவடியில் காலை ஊன்றும்போது வரும் இழுப்பைத் தாங்குகிறது. ட்ரீலெஸ்ஸில் சட்டம் கிடையாது. அந்த மூன்று வேலையையும் வேறு எதுவாவது செய்தாக வேண்டும். பெரும்பாலும் அது பேடின் தலையில்தான் விழுகிறது. ‘சேணத்தை மட்டும் அனுப்புகிறேன், உங்களிடம் இருக்கும் நம்னாவை, அதாவது சாதாரண சேண விரிப்பை, போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்த வெள்ளோட்டத்தில் ஒன்றும் தெரியப்போவதில்லை. பேடையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இது வெறும் அனுமானம் இல்லை. 2012இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் எட்டுக் குதிரைகளின் முதுகில் அழுத்தமானி விரிப்பைப் போட்டு, ட்ராட் என்கிற துள்ளோட்டத்தில் இரண்டு வகைச் சேணங்களையும் ஒப்பிட்டார்கள். சட்டம் உள்ள சேணம் பாரத்தை அதிகப் பரப்பில் பரப்பியது. அவர்கள் சோதித்த ட்ரீலெஸ்ஸில் பாரம் நடுவில் குவிந்தது. ஒரே ஒரு மாதிரிச் சேணம்தான், எல்லா ட்ரீலெஸ்ஸுக்கும் அதையே தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ‘மெத்தென்று இருக்கிறது, அதனால் முதுகுக்கு நல்லது’ என்ற பேச்சை நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

இனி ஒரே ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேடையும் வயிற்றுவாரையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஏறுவதற்கு முன்

குதிரையின் இரண்டு பக்கத்தையும், பின்னாலிருந்து முதுகையும் படம் எடுத்து வையுங்கள். கடைசி விலா எலும்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அது முதுகில் சேரும் இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. குதிரைக்குப் பொதுவாகப் பதினெட்டு ஜோடி விலா. பாரம் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

சேணத்துக்கடியில் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி போடுங்கள். அங்கவடி வார்களில் பழைய காலுறைகளை மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் தோலில் தடம் விழுந்து முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அங்கவடி வார் எதில் மாட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சாதாரணச் சேணத்தில் ஆள் விழுந்தால் வார் கழன்று வர வழி இருக்கும். பல ட்ரீலெஸ்களில் மூடிய வளையத்தில் கோத்துவிடுகிறார்கள், அது கழலாது. அப்படியென்றால் பக்கவாட்டில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு அங்கவடி இல்லாமல் ஏறாதீர்கள். இதில் மட்டும் ‘சும்மா ஒரு சுற்று’ என்பதெல்லாம் வேண்டாம்.

ஏறும்போதே சேணம் உருண்டு வருகிறது

ட்ரீலெஸ் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேயே பயந்து ஓடிவிடுகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது, தரையிலிருந்து ஏறினீர்களா? ஏறினால் உருளத்தான் செய்யும். கழுத்து முடியும் இடத்தில் உயர்ந்திருக்கும் தோள்மேட்டைக் கவ்விப் பிடிக்கச் சட்டம் இல்லாதபோது, ஒரு பக்க அங்கவடியில் முழுப் பாரமும் தொங்கினால் வேறு என்ன நடக்கும்? ஏறுபடி போட்டு ஏறுங்கள். எதிர்ப்பக்க அங்கவடியை யாராவது பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. உண்மையில் எந்தச் சேணத்துக்குமே அதுதான் குதிரைக்கு நல்லது.

ஏறுபடியிலிருந்தும் உருண்டால் பேடின் தடிமனைப் பாருங்கள். உருண்டை முதுகில் தடித்த பேடு போட்டால் பந்தின்மேல் மெத்தை வைத்த மாதிரி. என் இரண்டாவது சேணம் தோற்றது இதில்தான். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நுரை அடைத்த பேடு. அதை வைத்துக்கொண்டு வயிற்றுவாரை மேலும் மேலும் இறுக்கினேன், என் குதிரைப் பையன் காதைப் பின்னால் மடக்கினான். தோள்மேடு தட்டையாக இருக்கும் குதிரைக்கு மெல்லிய, வழுக்காத அடிப்பக்கம் கொண்ட பேடு தேவை, ஆனால் முதுகெலும்புக்கு இருபுறமும் மேடு கண்டிப்பாக இருக்க வேண்டும்.

வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். லாயத்தில் ஒரு துளை, பத்தடி நடத்தியபின் ஒரு துளை, ஏறி ஐந்து நிமிடம் நடந்தபின் கடைசித் துளை. நுரை அமுங்க நேரம் வேண்டும். அமுங்கிய பிறகு பார்த்தால் வார் தளர்ந்திருக்கும். அதைத்தான் பலர் ‘சேணம் நிற்கவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். மார்புப்பட்டை போட்டால் உருளாது என்றும் சிலர் சொல்வார்கள். பின்னால் நழுவுவதை அது தடுக்கும், பக்கவாட்டில் உருளுவதற்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இத்தனையும் செய்து, மெல்லிய பேடும் போட்டு, இன்னும் உருளுகிறதா? அந்த முதுகுக்கு அந்தச் சேணம் இல்லை.

ஓடும்போது எப்போதும் ஒரே பக்கம் சரிகிறது

உருளுவதும் சரிவதும் ஒன்றல்ல. இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தால் சேணத்தின் நடுக்கோடு முதுகெலும்புக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ போயிருக்கும், தினமும் அதே பக்கம்.

உங்களை முதலில் சந்தேகியுங்கள். அங்கவடி வார்களைக் கழற்றி அருகருகே தொங்கவிட்டு நீளம் பாருங்கள். தினமும் ஒரே பக்கம் ஏறி ஏறி இடப்பக்க வார் நீண்டிருக்கலாம். பிறகு உங்கள் எடையுள்ள வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். அவருக்குச் சேணம் நேராக நின்றால் விஷயம் முடிந்தது, உங்கள் இடுப்பைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அவருக்கும் அதே பக்கம் சரிகிறது என்றால் குதிரையைப் பாருங்கள். ஒரு தோள் மற்றதைவிடத் தடித்திருப்பது மிகச் சாதாரணம். அது சேணத்தை மறுபக்கம் தள்ளும். உள்ளே தகடு சொருகும் பைகள் உள்ள பேடு இருந்தால், ஒல்லியான பக்கத்தில் ஒரு மெல்லிய தகடு வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் இன்னொன்று. லைன் கிரீவ், சூ டைசன் என்ற இரண்டு கால்நடை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்கால் நொண்டல் இருந்த 71 குதிரைகளில் 38க்குச் சேணம் ஒரு பக்கம் சரிந்தது. நொண்டாத குதிரை ஒன்றுக்குக்கூடச் சரியவில்லை. மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு வலியை அடக்கியதும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சேணம் நேராகிவிட்டது. பல குதிரைகளில் நொண்டல் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுதான். ஆகவே ஆள் மாற்றியும் சரிகிறது, பழைய சேணமும் கொஞ்சம் அப்படித்தான் போகும் என்று ஞாபகம் வருகிறது என்றால், சேணக்கடைக்கு அல்ல, கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். வெள்ளோட்டத்தை அத்தோடு நிறுத்திவிடலாம். வலியுள்ள குதிரையின் மேல் எந்தச் சேணத்தையும் எடைபோட முடியாது.

சேணம் முதுகெலும்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது

இது ஒன்றில் மட்டும் சமரசம் கிடையாது. ஆள் ஏறாதபோது சந்து அழகாகத் தெரியும். ஏறியதும் மூடிக்கொள்ளும். அதனால் நீங்கள் மேலே உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பேடுக்கடியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். விரல் தாராளமாகப் போக வேண்டும், அழுந்தி நசுங்கக் கூடாது. நின்றபடி பார்த்தது போதாது. அரை மணி நேரம் ஓட்டி நுரை சூடானபின் மறுபடியும் பாருங்கள். மலிவான நுரை முதல் பத்து நிமிடம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு அப்புறம் அடங்கிப்போகும்.

இறங்கியதும் வெள்ளைத் துணியை விரித்துப் பாருங்கள். முதுகெலும்பு போகும் கோடு சுத்தமாக இருந்தால் நல்லது. நடுவிலும் அழுக்கும் வியர்வையும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் அங்கே பாரம் இறங்கியிருக்கிறது.

சரிசெய்ய வழி பேடுதான். நடுவில் தெளிவான பள்ளமும் இருபுறமும் கெட்டியான நுரைப் பட்டைகளும் உள்ள பேடு. பட்டைகளைக் கழற்றி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் எடைக்கேற்ற கெட்டித்தன்மையைக் கேட்டு வாங்கலாம். பல தயாரிப்பாளர்கள் ஓட்டுபவரின் எடைக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கூச்சப்பட்டுப் பத்துக் கிலோ குறைத்துச் சொன்னால் ஏமாறுவது குதிரையின் முதுகு.

கெட்டியான பட்டையோடும் விரல் நசுங்குகிறது என்றால் அன்றே பெட்டியில் போட்டுவிடுங்கள்.

வியர்வைத் தடத்தில் காய்ந்த திட்டுகள்

சேணத்தைக் கழற்றியதும் முதுகு முழுக்க நனைந்திருக்க, நடுவில் ஓரிரு இடம் மட்டும் காய்ந்திருக்கும். இதைப் பார்த்தவுடன் ‘அழுத்தம்!’ என்று பதறுவோம். காய்ந்த திட்டுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. அளவுக்கு மீறி அழுத்தி வியர்வைச் சுரப்பியை அடக்கியிருக்கலாம், அல்லது அந்த இடத்தைச் சேணம் தொடவே இல்லாமல் காற்று போயிருக்கலாம்.

பிரித்தறிவது எளிது. திட்டில் மயிர் இயல்பாக இல்லாமல் அழுந்தி ஒட்டியோ கலைந்து நெட்டுக்குத்தாகவோ இருக்கிறதா? விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் குதிரை முதுகைத் தாழ்த்துகிறதா? அரை மணி கழித்து அந்த இடம் லேசாக வீங்கி எழும்புகிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் அழுத்தம்தான். எதுவும் இல்லை, தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, திட்டு முதுகின் இயல்பான குழியில் என்றால் அநேகமாகத் தொடாத இடம்.

திட்டு எங்கே என்பதுதான் முக்கியமான தடயம். ட்ரீலெஸ்ஸில் நான் அதிகம் பார்த்தது, அங்கவடி வார் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு. பல மாதிரிகளில் அங்கவடிகள் இருக்கையின் குறுக்கே போகும் ஒரு பட்டையில் மாட்டியிருக்கும். எழுந்து எழுந்து உட்காரும் ட்ராட்டில் நம் முழு எடையும் அந்தப் பட்டை வழியாக இறங்குகிறது. சட்டம் இருந்தால் பரவியிருக்கும், இங்கே அந்த இடத்திலேயே குத்துகிறது. பேடின் பட்டை அந்த இடத்துக்குக் கீழே போதுமான கெட்டியோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ட்ராட்டில் எழாமல் உட்கார்ந்தே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். திட்டு மறைந்தால் காரணம் உறுதி. நீங்கள் நீண்ட தூரம் எழுந்தெழுந்து ஓட்டும் ஆள் என்றால், இந்தக் கோளாறு பேடால் தீராவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

தோளுக்குப் பக்கத்தில் திட்டு என்றால் முன் வளைவு குறுகல். பெயர் ட்ரீலெஸ் என்றாலும் பல சேணங்களில் முன்னால் ஒரு கெட்டியான வளைவு இருக்கும். ஜெர்மனியின் பேர்ஃபுட் போன்ற சிலவற்றில் அதைக் கழற்றி வேறு அளவு போட்டுக்கொள்ளலாம். வெள்ளோட்டத்துக்கு அனுப்பும்போதே ஒரு அளவு பெரியதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் மயிர் கத்தரித்த குதிரை அவ்வளவாக வியர்க்காது. அப்போது வெள்ளைத் துணிதான் கதி. குதிரையைத் தேய்க்காமல் கொஞ்சம் அழுக்கோடு சேணம் கட்டுங்கள், துணியில் படம் வரைந்துவிடும். பிறகு கண்டிப்பாகத் தேய்த்துவிடுங்கள். வெள்ளை மயிர் முளைத்திருந்தால் அது இந்த வாரத்துச் சேணத்தின் வேலை இல்லை. பழைய காயம் அது, பழைய சேணத்தைத் திட்டுங்கள்.

தோளின் மேல் ஏறிவிடுகிறது

குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் வயிற்றுவார் தானாகப் போய் உட்காரும் ஒரு பள்ளம் உண்டு. காப், மட்டக்குதிரை வகைகளில் அது மிகவும் முன்னால் இருக்கும். வார் பள்ளத்துக்குப் போகும், சேணத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சேணத்தைப் பின்னால் தள்ளிக் கட்டிப் பலன் இல்லை, நூறடியில் பழைய இடத்துக்கே வந்துவிடும். நடுவில் முன்னோக்கி வளைந்த வயிற்றுவார் கிடைக்கிறது, அதை இரவல் வாங்கிப் பாருங்கள். வயிற்றுவார் மாட்டும் பின் பட்டையை வேறு துளைக்கு மாற்ற முடிகிற சேணம் என்றால் அதையும். பெரிய வயிற்றோடு இறக்கத்தில் இறங்கும் குதிரைக்கு, சேணம் முன்னால் போகாமல் வாலடியில் பிடிக்கும் வால்பட்டை தேவைப்படலாம், ஆனால் அதைக் குதிரைக்கு முதலில் பழக்க வேண்டும். வெள்ளோட்ட வாரத்தில் பழக்கப் போய் உதை வாங்காதீர்கள்.

பின்னால் நழுவுகிறது என்றால் பெரும்பாலும் உயர்ந்த தோள்மேடும் ஒடுங்கிய மார்பும் உள்ள குதிரை. மார்புப்பட்டை போதும்.

இடுப்புப் பக்கம் மயிர் சிக்காகியிருக்கிறது

சாக்குக்கட்டிக் கோட்டைத் தாண்டி பேடு அல்லது சேணத்தின் பின்மேடு போயிருக்கும். பேடு மட்டும் தாண்டினால் பிரச்சினை இல்லை, குட்டையான பேடு வாங்கலாம். நீங்கள் உட்காரும் இடமே கோட்டைத் தொட்டால் சேணம் அந்த முதுகுக்கு நீளம். குட்டை முதுகு அரபுக் குதிரை வைத்திருக்கும் உயரமான ஆட்களுக்கு இது அடிக்கடி வரும் தலைவலி, சுலபமான தீர்வு எதுவும் என்னிடம் இல்லை.

எனக்குத்தான் வலிக்கிறது

சட்டம் உள்ள சேணத்தில் தொடைகளுக்கு நடுவே ஒடுங்கிய இடுப்பு மாதிரி ஒரு வடிவம் இருக்கும். ட்ரீலெஸ்ஸில் பெரும்பாலும் அது கிடையாது. குதிரை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு நம் கால் விரிய வேண்டும். முதல் பத்து நிமிடம் ‘ஆகா, குதிரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது’ என்று தோன்றும். நாற்பதாவது நிமிடம் தொடை மூட்டு பேச ஆரம்பிக்கும். அதனால்தான் திடலுக்குள் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்கக் கூடாது என்கிறேன். ஒரு முறையாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே போங்கள், ஏற்றமும் இறக்கமும் இருக்கட்டும்.

ஃப்ரீஃபார்ம் போன்ற சில சேணங்களில் இருக்கையை வெல்க்ரோவில் ஒட்டிக் கழற்றலாம், நகர்த்தலாம். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிக் கால் முன்னால் போய்க்கொண்டே இருந்தால் அந்த வகைச் சேணத்தில் இருக்கையை இரண்டு விரல் முன்னால் நகர்த்திப் பாருங்கள். நகர்த்த முடியாத வகையில் அங்கவடிக்கு இன்னொரு வளையம் பின்னால் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தச் சேணம் உங்கள் காலை என்றைக்கும் முன்னால்தான் தள்ளும். பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை, முதல் சேணம் திரும்பிப் போனது அதனால்தான்.

குதிரை வேறு மாதிரி நடக்கிறது

நல்ல விதமாக வேறு மாதிரி என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நடுவில் கெட்டியான பொருள் இல்லாததால் முதுகின் ஒவ்வொரு அசைவும் நமக்கு வந்து சேர்கிறது, குதிரை பெரிதாக நடக்கிற மாதிரி இருக்கிறது. நடக்கிறதா, நமக்குத் தோன்றுகிறதா? ஒரே நாளில், ஒரே பாதையில், பழைய சேணத்தோடும் புதியதோடும் யாரையாவது பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கெட்ட விதமாக என்றால், அதாவது வார் கட்டும்போது கடிக்க வருவது, வாலைச் சுழற்றுவது, இறக்கத்தில் தயங்குவது, கேன்டர் என்கிற மெதுவான பாய்ச்சலை எடுக்க மறுப்பது, முதுகைக் குழித்துக்கொண்டு தலையைத் தூக்குவது, இவை பழைய சேணத்தோடு இல்லாமல் புதியதோடு இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் வாதாட வேண்டாம். மேலே உள்ள சோதனைகளில் முதுகெலும்பையும் திட்டுகளையும் மட்டும் மறுபடி பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். பழைய சேணத்தோடும் இருந்தது என்றால் பல், குளம்பு, வயிற்றுப்புண் என்று பட்டியல் வேறு பக்கம் போகிறது.

எந்தக் கோளாறும் தெரியவில்லை

அப்படியானால் ஆறாம் நாள் ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டுங்கள். அன்று மாலை தொட வேண்டாம். மறுநாள் காலை, சேணம் கட்டுவதற்கு முன், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரு விரல்களால் முன்னிருந்து பின்னாக ஒரே அழுத்தத்தில் தடவிக்கொண்டு போங்கள். முதல் நாள் இப்படித் தடவிப் பார்த்திருந்தால் ஒப்பிட வசதி. எங்காவது தோல் வெடுக்கென்று சுருங்கினால் இன்னொரு முறை அதே இடத்தில். இரண்டாவது முறையும் சுருங்கினால் முன்பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் மூன்றாவது சேணத்துக்கு அவன் அப்போது வைக்கோலிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. காலுறைகளைக் கழற்றிவிட்டு மீதிப் பணத்தை அனுப்பினேன்.